மருந்தும் மனநிறைவும்

மதுரை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் மூதாட்டி ஒருத்தி வாழ்ந்து வந்தாள். அகவை 65-ஐக் கடந்தவள். ஆயினும் களை எடுப்பதிலும் கதிர் அறுப்பதிலும் இளையவர்க்கு இளைத்தவள் அல்லள். அவளுக்கு நீரிழிவு நோய் இருந்தது. ஒருநாள் வயல் வரப்பில் வெறுங்காலுடன் நடந்தபோது கருவேல முள் ஒன்று வலக்காலின் பெருவிரலில் தைத்தது. தைத்ததை அவள் உணரவில்லை. நீரிழிவு நெடுங்காலம் நீடித்தால் காலின் நரம்புகள் நலிந்து உணர்ச்சி குன்றும். முள் தைப்பினும் கல் குத்தினும் வலி தோன்றாது. வலி என்னும் காவலன் உறங்கிவிட்டபின் பகைவன் உட்புகத் தடை ஏது? சில நாள் கழித்து விரல் வீங்கிச் சீழ் ஒழுகியபோதுதான் அவளுடைய மருமகள் அதனைக் கண்டாள். மறுநாள் விடியற்காலைப் பேருந்தில் மகன் தன் தாயை நகரத்து மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றான்.

அம்மருத்துவமனை பெரியது, கற்றுத் தேர்ந்த மருத்துவர் பலர் பணிபுரிவது. சீட்டுப் பெறுவதற்கு ஒரு வரிசை. குருதி ஆய்வுக்கு ஒரு வரிசை. மருத்துவரைக் காண்பதற்கு மற்றொரு வரிசை. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும், எந்த அறைக்குப் போக வேண்டும் என்று எடுத்துச் சொல்வார் இல்லை. உண்ணாமல் வரவேண்டும் என்று யாரோ கூறியதைக் கேட்டு அவள் காலைக் கஞ்சியும் குடிக்கவில்லை. நண்பகல் கடந்தபின் அவள் முறை வந்தது. மருத்துவர் தலை நிமிராமல், "எத்தனை நாளாக?" என்று வினவினார். "போன வாரம் களை எடுக்கப் போன இடத்தில்..." என்று அவள் தொடங்கினாள். "கேட்டதற்கு மட்டும் விடை சொல்லுங்கள்" என்றார் அவர். காலைக் கண்டதும் அவர் குரல் உயர்ந்தது. "இவ்வளவு அழுகும்வரை என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? கண் தெரியாதா?" என்றார். வாயிலில் நின்றவர் அனைவரும் திரும்பிப் பார்த்தனர். மூதாட்டி தன் சேலைத் தலைப்பை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

புண் நன்றாகக் கழுவப்பெற்றது. தக்க மருந்தும் தரப்பெற்றது. மருத்துவத்தில் பிழை ஏதும் இல்லை. "மூன்று நாள் கழித்து வாருங்கள்" என்று சொல்லி அனுப்பினர். எதற்காக வரவேண்டும் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் அவள் போகவில்லை. மகன் அழைத்தபோது, "சீழ் நின்றுவிட்டது, அப்பா, இனி எதற்கு?" என்றாள். "அத்தை, புண்ணை ஒரு தடவை காட்டுங்களேன்" என்று மருமகள் கேட்கும்போதெல்லாம், "ஆறிவிட்டது, தாயே" என்று துணியை இன்னும் இறுகச் சுற்றிக்கொண்டாள். உண்மையில் அவள் புண்ணை மறைக்கவில்லை. பலர் முன்னிலையில் பட்ட நாணத்தையே மறைத்தாள். இரண்டு வாரம் சென்றன. காய்ச்சல் கண்டது; விரல் கருகியது. இந்த முறை வேறொரு மருத்துவமனைக்கு அவளைக் கொண்டுசென்றனர். விரலை அகற்றுவது தவிர வேறு வழியில்லை என்று அங்கே முடிவாயிற்று.

அன்று மாலை இளஞ்செவிலி ஒருத்தி அவள் படுக்கையருகே முக்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தாள்.

"பாட்டி, நாளைக் காலையில் என்ன செய்யப் போகிறார்கள் என்று சொல்லட்டுமா?" என்று கேட்டாள்.

"விரலை எடுத்துவிட்டால் நான் நடக்க முடியுமா, அம்மா?"

"நடக்கலாம், பாட்டி. முதலில் சில வாரம் கம்பு ஊன்ற வேண்டியிருக்கும். விரலை விட்டுவைத்தால் அழுகல் மேலே ஏறும். பிறகு காலையே எடுக்கும்படி ஆகிவிடலாம்."

"வலிக்குமா?"

"அறுக்கும்போது மரத்துப்போக ஊசி போடுவார்கள், வலி தெரியாது. பிறகு கொஞ்சம் வலிக்கும். வலிக்காது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். வலித்தால் என்னைக் கூப்பிடுங்கள், மருந்து தருகிறேன்."

மூதாட்டி நெடுநேரம் பேசாதிருந்தாள். பின்பு, "மூன்றாம் நாள் வரச் சொன்னார்களே, அது எதற்கு?" என்று கேட்டாள்.

"உள்ளே மறுபடியும் சீழ் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்கு, பாட்டி. உங்கள் காலுக்கு வலி தெரியாது. அதனால் வேறொருவர் கண்தான் பார்க்க வேண்டும்."

"இதை அன்றைக்கே ஒருவர் சொல்லியிருந்தால் வந்திருப்பேனே!" என்றாள் மூதாட்டி. அவள் கண்கள் கலங்கின.

ஒரு சொற்றொடர் உரிய காலத்தில் சொல்லப்பெற்றிருந்தால் ஒரு விரல் எஞ்சியிருத்தல் கூடும். நோயாளியின் மனநிறைவு என்பது வெறும் உபசாரம் அன்று; அதுவும் மருத்துவத்தின் ஒரு கூறே என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ? மனம் நிறைந்தவன் மீண்டும் வருவான். மருந்தை முறையாக உண்பான். மறைப்பதற்குரியதையும் மருத்துவரிடம் மனம் விட்டு உரைப்பான். மனம் நொந்தவனோ மருந்து இருந்தும் உண்ணான். மருத்துவமனை அருகிருந்தும் அணுகான்.

இவ்வுண்மையைத் தமிழர் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். திருக்குறளில் 95-ஆம் அதிகாரம் மருந்து என்னும் பெயருடையது. அவ்வதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கின்றார். நோயுற்றவன், நோயைத் தீர்ப்பவன், மருந்து, அதனை அருகிருந்து கொடுப்பவன் என்பனவே அந்நான்கு. நோயுற்றவனை முதலில் வைத்த முறையும், அருகிருந்து பேணுபவனை மருத்துவனோடு ஒப்ப எண்ணிய பெருமையும் எண்ணி எண்ணி மகிழத்தக்கன. நான்கு கால்களையுடைய கட்டிலில் ஒரு கால் முறிந்தாலும் அதில் படுத்தவனுக்கு உறக்கம் இல்லை அன்றோ?

காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் உள்ள கோயிற் கல்வெட்டு ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறிக்கப்பெற்றது அது. அங்கிருந்த மருத்துவச்சாலையில் 15 நோயாளர் படுத்திருப்பதற்கு வசதி இருந்தது. மருத்துவர் ஒருவர், அறுவை மருத்துவர் ஒருவர் ஆகியோருடன், மருந்துக்குரிய மூலிகைகளைக் கொணர்வார் இருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், நாவிதர் ஒருவர், தண்ணீர் கொணர்வார் ஒருவர் எனப் பணியாளர் வகுக்கப்பட்டிருந்தனர். நோயாளரின் அன்றாட உணவுக்கும், அங்கு வைத்திருக்க வேண்டிய மருந்துகளுக்கும் முறையாகப் பொருள் ஒதுக்கப்பட்டிருந்தது. மருத்துவரை அமர்த்திய அளவோடு மன்னன் ஆட்சி நின்றுவிடவில்லை. நோயாளிக்கு உணவு வேண்டும், நீர் வேண்டும், தூய்மை வேண்டும், அருகிருந்து பேணும் கை வேண்டும் என்று கருதிய உள்ளம் அக்கல்லில் இன்றும் விளங்குகின்றது.

நோயாளி நிறைவுறுவதற்கு இன்றியமையாதவற்றுள் முதலாவது செவி. பின்னதே சொல். தன் துன்பத்தை ஒருவர் முழுவதும் கேட்டார் என்பதே பாதிப் பிணியைத் தீர்த்ததுபோல் தோன்றும். ஆனால் முழுவதும் கேட்பார் அரியர். அமெரிக்க நாட்டில் 1984-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று, மருத்துவரும் நோயாளியும் உரையாடிய 74 நிகழ்ச்சிகளை ஆராய்ந்தது. நோயாளி தன் குறையைச் சொல்லத் தொடங்கிய 18 நொடிக்குள், சராசரியாக, மருத்துவர் இடைமறித்தார் என்பது அதனால் வெளியாயிற்று. சொல்ல வந்ததை முழுவதும் சொல்லி முடித்தவர் நால்வரில் ஒருவர்கூட இல்லை. களை எடுக்கப் போன கதையை மூதாட்டி சொல்லி முடித்திருந்தால், அவள் வெறுங்காலுடன் நடப்பவள் என்பதை மருத்துவர் அறிந்திருப்பார். செருப்பு அணியுமாறு அன்றே அறிவுறுத்தியும் இருப்பார். வீண்கதை என்று தோன்றியதனுள்ளேயே நோயின் வேர் இருந்தது.

காலம் இல்லையே என்று மருத்துவர் கூறுதல் கூடும். அவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் காலத்தின் நீளத்தைக் காட்டிலும் அதனைச் செலவிடும் முறையே பெரிது. கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் 120 நோயாளரைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2012-ஆம் ஆண்டில் வெளிவந்தது. மருத்துவர் சிலரிடம் படுக்கையருகில் நின்றவாறு பேசினார். சிலரிடம் அமர்ந்து பேசினார். இரு சாராரிடமும் செலவிட்ட நேரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எனினும் மருத்துவர் அமர்ந்து பேசியபோது அவர் நீண்ட நேரம் தம்முடன் இருந்ததாகவே நோயாளர் கருதினர். நிற்பவர் புறப்படுபவர், அமர்பவர் தங்குபவர். ஒரு முக்காலியின் விலை சிறிது. அது தரும் ஆறுதலோ பெரிது.

இரண்டாவது, காத்திருத்தல். காத்திருப்பது மட்டுமே துன்பம் அன்று. எதற்கு, எதுவரை என்று அறியாமல் காத்திருப்பதே பெருந்துன்பம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை அறியாதார் இலர். கிரிமியப் போரின்போது 1854-ஆம் ஆண்டில் 38 பெண்டிருடன் ஸ்கூட்டாரிக்குச் சென்று, புண்பட்ட வீரர்க்குத் தொண்டு புரிந்தவர் அவர். செவிலியர்ப் பணியைக் குறித்து 1859-இல் அவர் எழுதிய நூலில், ஐயமும் எதிர்பார்ப்பும் காத்திருத்தலும் நோயாளியின் உடலை எவ்வாறு வருத்துகின்றன என்பதை விளக்கியிருக்கின்றார். நோயாளியின் காதில் அரைகுறையாக விழும்படி அறைக்குள்ளோ வாயிலிலோ நின்று மெல்லப் பேசும் வழக்கத்தையும் அவர் வன்மையாகக் கண்டிக்கின்றார். தன்னைப்பற்றி என்ன பேசுகின்றார்கள் என்று செவியைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பவனுக்கு ஓய்வு ஏது? "இன்னும் ஒருமணி நேரம் ஆகும், அதுவரை இங்கே அமருங்கள்" என்று ஒருவர் கூறினால் போதும், அந்த ஒருமணி நேரம் பொறுக்கத்தக்கதாகிவிடும்.

மூன்றாவது, இடத்தின் இயல்பு. தூய்மையான படுக்கை, நாற்றமற்ற கழிப்பறை, குடிப்பதற்குரிய நீர், இரவில் அமைதி ஆகியவை ஆடம்பரங்கள் அல்ல. தரை அழுக்காயிருப்பின், தனக்கிட்ட ஊசியும் அழுக்கோ என்று நோயாளி ஐயுறுவான். மருத்துவக் கலையின் நுட்பத்தை அவனால் அளக்க இயலாது. தூய்மையை அளக்க இயலும். காணக்கூடியதைக் கொண்டு காணாததை மதிப்பிடுவது மாந்தர் இயல்பு. கண்ணுக்கு இனிய காட்சியும் உடலுக்கு நன்மை செய்யும். அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளரின் பதிவேடுகளை உல்ரிக் என்னும் அறிஞர் ஆராய்ந்து, 1984-இல் தம் முடிவை வெளியிட்டார். பலகணி வழியே மரங்களைக் கண்டவர்கள், செங்கற் சுவரைக் கண்டவர்களினும் விரைவில் வீடு திரும்பினர். வலியைத் தணிக்கும் வலிய மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. பச்சிலை அரைத்துக் கொடுத்தால்தான் மருந்தாகும் என்பதில்லை. பசுமரம் பலகணியருகே நின்றாலும் மருந்தாகும் போலும்!

நான்காவது, மானம் காத்தல். நோய் உடலைத் தாக்குகின்றது. ஆனால் நோயாளி என்னும் நிலை மானத்தையும் தாக்கவல்லது. ஆடை களைந்து அயலார் முன் கிடத்தலும், மறைவான துன்பத்தைப் பலர் கேட்க உரைத்தலும் எளியவை அல்ல. அதனை மதியாத மருத்துவம் எவ்வளவு சிறந்ததாயினும் வாயிலுக்கு வெளியிலேயே நிற்கும். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில் நிகழ்ந்தது இதற்குச் சான்று. அங்கே மருத்துவத் தொண்டாற்றிய அமெரிக்கர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக, அம்மங்கையிடம் வந்தனர். மூவருடைய மனைவியரும் மகப்பேற்று நோவில் துடித்துக்கொண்டிருந்தனர். "என் தந்தையார் மருத்துவர், அவரை அழைத்துச் செல்லுங்கள்" என்ற பொருள்பட அவர் கூறியும், ஆடவர் மருத்துவம் பார்ப்பதற்கு அம்மூவரும் இசையவில்லை. பெண் மருத்துவர் எவரும் அங்கு இல்லை. பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் உயிர் நீத்தனர். அச்செய்தி ஐடாவின் வாழ்க்கையையே மாற்றியது. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று 1900-இல் திரும்பிய அவர், வேலூரில் ஒரே படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1902-இல் அங்கே 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் தோன்றியது. அந்த இரவில் மருத்துவம் இருந்தது. ஏற்கும் மனம் இல்லை. ஏற்கும் மனத்தைப் பழித்துக்கொண்டிராமல், அம்மனம் ஏற்கும் வகையில் மருத்துவத்தை அமைத்ததே அப்பெருமாட்டியின் சிறப்பு.

ஐந்தாவது, செலவும் அலைச்சலும். இலவசம் என்று சொன்ன அளவில் ஏழையின் இடர் எல்லாம் தீர்ந்துவிடுவதில்லை. மதுரையில் கோவிந்தப்ப வேங்கடசாமி என்னும் கண் மருத்துவர், அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், 1976-ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். மூட்டு நோயால் அவருடைய கைவிரல்கள் கோணியிருந்தன. அவ்விரல்களைக் கொண்டே நுண்ணிய கண் அறுவையில் அவர் வல்லவரானார். ஊர்தோறும் கண் முகாம்கள் நடைபெற்றன. புரை படர்ந்தவர்க்குக் கட்டணமின்றி அறுவை செய்வதாக அறிவித்தும் பலர் மருத்துவமனைக்கு வந்து சேரவில்லை. ஏன் என்று ஆராய்ந்தபோது காரணங்கள் தெளிவாயின. கண்ணிழந்தவர் தனியே வர இயலாது. துணைக்கு வருபவர் கூலியை இழக்க வேண்டும். பேருந்துக்கும் உணவுக்கும் பணம் வேண்டும். இவற்றுக்கு மேலாக அச்சம் வேறு. ஆகவே ஊரிலிருந்து அழைத்துவரும் வண்டி, உணவு, தங்கும் இடம், திரும்பக் கொண்டுவிடும் ஏற்பாடு ஆகிய அனைத்தும் மருத்துவமனையின் பொறுப்பாயின. ஓர் ஊரார் பலர் ஒரே வண்டியில் வந்தமையால் ஒருவருக்கொருவர் துணையாயினர். பார்வை பெற்றுத் திரும்பிய பாட்டி ஒருத்தி பத்துப் பேருக்குத் தைரியம் சொன்னாள். வாராதவரை அறிவிலிகள் என்று இகழ்ந்திருந்தால் அவர்கள் இருளிலேயே இருந்திருப்பர். ஏன் வரவில்லை என்று கேட்டதனால் ஒளி பெற்றனர்.

இவ்வாறு கூறுவதனால், நோயாளி விரும்பியதெல்லாம் செய்வதே நல்ல மருத்துவம் என்று கருதிவிடலாகாது. சளிக் காய்ச்சல் கண்டவன், "ஊசி போட்டால்தான் சரியாகும்" என்று அடம்பிடிப்பான். வைரசு என்னும் நுண்மத்தால் வரும் காய்ச்சலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பயன்படா. வேண்டாதபோது அவற்றைத் தருவதால் வேண்டும்போது அவை வலிமை இழந்துபோகும். எனினும் கேட்டதைக் கொடுப்பவரே நல்ல மருத்துவர் என்று ஊரார் புகழ்வர். அமெரிக்க நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களைத் திரட்டிய ஆய்வொன்று 2012-இல் வெளிவந்தது. மருத்துவரிடம் மிகுந்த மனநிறைவு கொண்டவர்களிடையே மருந்துச் செலவும், மருத்துவமனையில் சேர்ந்து தங்குவதும், இறப்பும் மிகுந்திருந்தன என்று அது கண்டது. மனநிறைவே அவற்றுக்குக் காரணம் என்று அதனால் துணிதல் இயலாது. ஆயினும் மகிழ்வித்தல் வேறு, நலம் செய்தல் வேறு என்னும் எச்சரிக்கையை அது தருகின்றது. இளஞ்செவிலி மூதாட்டியிடம் வலிக்காது என்று சொல்லவில்லை. வலிக்கும் என்றாள், வலித்தால் வருவேன் என்றாள். உண்மையும் அன்பும் ஒருங்கே நின்ற அவ்விடத்திலேதான் மெய்யான நிறைவு பிறந்தது.

மருத்துவரையும் செவிலியரையும் மட்டும் குறைகூறுவதும் முறையாகாது. ஒரே காலைப்பொழுதில் நூற்றுக்கணக்கானோரைக் காணும் மருத்துவர் உண்டு. இரவெல்லாம் தனியொருத்தியாய் நின்று ஒரு கூடம் முழுவதையும் காக்கும் செவிலி உண்டு. களைப்பில் கனிவு வாடுதல் இயற்கை. திருமுக்கூடலில் 15 நோயாளருக்கு இருவர் பேணுவார் இருந்தனர் என்பதை இங்கு மீண்டும் எண்ணுதல் தகும். போதிய ஆட்களை அமர்த்தாமல் புன்னகையை மட்டும் எதிர்பார்ப்பது, எண்ணெய் ஊற்றாமல் விளக்கு எரியவேண்டும் என்பதை ஒக்கும். நோயாளியைக் காண வருவோர்க்கும் கடமை உண்டு. கூட்டமாய் நுழைந்து கூச்சலிடுதல், மாடிப்படியில் எச்சில் உமிழ்தல், வரிசையை மீறுதல், பணியாளரை இழித்துரைத்தல் ஆகியவை அடுத்த படுக்கையில் கிடப்பவனின் அமைதியைப் பறிப்பன. அவனும் ஒருவருடைய தந்தை, ஒருவருடைய மகன்.

நோயாளரின் கருத்தைக் கேட்டறிதல் இன்று பல நாடுகளில் முறையாக நடைபெறுகின்றது. அமெரிக்க நாட்டில் 2006-ஆம் ஆண்டு முதல் மருத்துவமனைகள் ஒரேவகையான வினாக்களை நோயாளரிடம் கேட்கத் தொடங்கின. 2008 முதல் அவற்றின் முடிவுகள் பொதுமக்கள் அறிய வெளியிடப்பெற்றன. செவிலியர் மதிப்புடன் பேசினரா, மருத்துவர் புரியும்படி விளக்கினாரா, அழைத்தபோது உதவி கிடைத்ததா, இரவில் அமைதி இருந்ததா, வீடு திரும்பும்போது செய்யவேண்டியன சொல்லப்பட்டனவா என்பவை அவ்வினாக்களுட் சில. இந்திய அரசும் 2016-இல் 'மேரா அஸ்பதால்' என்னும் பெயரால் நோயாளரின் கருத்தைத் தொலைபேசி வாயிலாக அறியும் திட்டத்தைத் தொடங்கியது. 'என் மருத்துவமனை' என்பது அப்பெயரின் பொருள். பெயரே ஒரு பாடமாய் அமைந்திருக்கின்றது. என் மருத்துவமனை என்று நோயாளியும் சொல்ல வேண்டும். எம் நோயாளி என்று மருத்துவமனையும் சொல்ல வேண்டும்.

மூதாட்டி இன்று கம்பின்றி நடக்கின்றாள். செருப்பில்லாமல் வயலில் இறங்குவதில்லை. நாள்தோறும் மாலையில் கால்களைக் கழுவித் துடைத்து, திண்ணையில் அமர்ந்து, பேத்தியின் முகக்கண்ணாடியை உள்ளங்காலுக்கு அடியில் பிடித்துப் பார்க்கின்றாள். செவிலி கற்றுக்கொடுத்த பழக்கம் அது. ஒருநாள் எதிர்வீட்டுப் பெண், காலில் கொப்புளம் ஒன்று ஆறாமல் இருப்பதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவளுக்கும் நீரிழிவு உண்டு. மருத்துவமனை என்றால் அவளுக்கும் அச்சம்.

"ஏசுவார்களோ என்று பயமாயிருக்கிறது, பெரியம்மா" என்றாள் அவள்.

"நானும் அப்படிப் பயந்துதான் ஒரு விரலைக் கொடுத்தேன்" என்றாள் மூதாட்டி. "நாளை முதல் பேருந்தில் கிளம்பு, நான் உடன் வருகிறேன். அங்கே ஒரு பிள்ளை இருக்கிறாள், உட்கார்ந்து பேசுவாள்."

அங்குள்ள மருந்துகளின் பெயர் அவளுக்குத் தெரியாது. மருத்துவர் பெற்ற பட்டங்களும் தெரியாது. உட்கார்ந்து பேசுவாள் என்பது ஒன்றே அவள் அறிந்தது. அடுத்தநாள் விடியற்காலையில் அவ்விருவரையும் ஏற்றிக்கொண்டு பேருந்து நகரத்தை நோக்கிப் புறப்பட்டது.